தொழில் சங்கத்தில் சேர்ந்தால் ஒரு சப்-காண்ட்ராக்டருக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான்: “பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மாடிப்படி, கைப்பிடி, சின்ன ஷெட்டுகளுக்கான இரும்புச் சட்டம் எல்லாம் பெரிய காண்ட்ராக்டர்களுக்குக் கீழே எடுத்துச் செய்கிறோம். தொழில் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். வருடா வருடம் சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவதைத் தவிர இதில் என்ன பயன்?”

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் சங்கத்தில் ஆள் சேர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காகச் சேராதீர்கள். “நிறைய ஆர்டர் வரும்” என்பார்கள். வரலாம், ஆனால் அதை நம்பிச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடம் சந்தாவைப் புதுப்பிப்பதில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் இரும்பு வேலை எடுத்துச் செய்தவன். சங்கத்தால் எனக்குக் கிடைத்ததில் பெரியது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் காட்டிக் கேட்பதற்கு ஆட்கள். நம்மைப் போன்றவர்கள் வெல்டிங்கில் தோற்பதில்லை, காகிதத்தில்தான் தோற்கிறோம்.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. கொஞ்சம் பெரிய கட்டடம் ஒன்றுக்கு இரும்புச் சட்டம் செய்து தூக்கி நிறுத்தும் வேலை வந்தது. நாற்பது பக்க ஒப்பந்தம். அதில் நான் ஒழுங்காகப் படித்தது ரேட், அளவு, முடிக்க வேண்டிய தேதி, இந்த மூன்றை மட்டும்தான். வேலை தொடங்கி நான்காவது மாதத்தில் எங்கள் பங்கை முடித்து, போல்ட்டுகளை எல்லாம் முறுக்கி, இன்ஜினியர் பார்த்துச் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் ரிடென்ஷன் பிடித்திருந்தார்கள், அதாவது வேலையில் குறை வந்தால் சரிசெய்ய என்று நிறுத்தி வைத்துப் பிறகு தரும் பணம். அது எப்போது வரும் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ‘வேலை முடிந்து பன்னிரண்டு மாதம்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ‘முழுத் திட்டமும் ஒப்படைக்கப்பட்டுப் பன்னிரண்டு மாதம்’ என்று இருந்தது.

இரும்பு வேலை கட்டடத்தில் முன்கூட்டியே முடிந்துவிடும் வேலை. நாம் இறங்கிப் போன பிறகுதான் சுவர், பூச்சு, லிஃப்ட், வயரிங், வண்ணம் எல்லாம். எங்கோ ஒரு மூலையில் டைல்ஸ் ஒட்டுபவர் தாமதம் செய்தாலும் நம் பணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். என் பணம் வந்தது மூன்றரை வருடம் கழித்து. அந்த வேலையில் எனக்கு நின்றிருக்க வேண்டிய லாபமும் ஏறக்குறைய அந்த ஐந்து சதவீதம்தான். அதாவது மூன்றரை வருடம் என் முழு லாபமும் இன்னொருவர் கணக்கில் இருந்தது. நான் வெளியில் வட்டிக்கு வாங்கிப் பட்டறையை ஓட்டினேன்.

அதன் பிறகுதான் சங்கத்தில் சேர்ந்தேன். இரண்டாவது கூட்டத்துக்குப் போகும்போது அடுத்த வேலையின் ஒப்பந்தத்தைக் கையோடு எடுத்துப் போனேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரம். என்னைவிட இரு மடங்கு அனுபவமுள்ள மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பணம் பற்றிய பிரிவுக்குப் போனார். மூன்று இடத்தில் வட்டம் போட்டார். மேலிருந்து பணம் வந்த பிறகே சப்-காண்ட்ராக்டருக்குப் பணம் என்ற வரி ஒன்று. ரிடென்ஷன் தேதி ஒன்று. எழுத்து மூலம் ஆர்டர் இல்லாமல் செய்த கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை என்பது மூன்றாவது. “முதல் இரண்டையும் மாற்றச் சொல்லிக் கேளுங்க தம்பி. மாற்ற மாட்டேன்னு சொன்னா ரேட்டுல அதைச் சேர்த்துக்கோங்க. மூணாவதை மாத்த மாட்டாங்க. அதுக்கு சைட்டுல ஒரு நோட்டு போடுங்க, தினமும் கையெழுத்து வாங்குங்க” என்றார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாவதை மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டேன், கொடுத்தார்கள், அவ்வளவுதான். முன்பு கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

இதை ஒரு வக்கீலும் சொல்லியிருப்பாரே என்று கேட்கலாம். சொல்லியிருப்பார். பெரிய ஒப்பந்தத்துக்கு வக்கீலிடம் போகத்தான் வேண்டும். ஆனால் எந்த வரியை எதிராளி விட்டுக்கொடுப்பார், எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார், விட்டுக்கொடுக்காதபோது சைட்டில் எப்படிச் சமாளிப்பது என்பது அதே மேஜையில் உட்கார்ந்து பேரம் பேசியவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, ‘இது யார் வேலை?’ என்ற சண்டை. இரும்பு வேலை செய்பவர் யாரும் இதிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். டிராயிங்கில் மாடிப்படி இருக்கும், கைப்பிடி கோடாகத் தெரியும். நாம் சட்டத்துக்கு மட்டும் விலை போட்டிருப்போம். கடைசியில் “கைப்பிடியும் இரும்புதானே, அதுவும் உங்களோடதுதான்” என்பார்கள். ஏணி, கிரேட்டிங் என்ற கம்பி வலைத் தளம், நடைபாதை ஓரத்தில் வைக்கும் தடுப்புத் தகடு எல்லாம் இப்படித்தான் தலையில் விழும். இந்தச் சண்டையைத் தனி ஆளாக ஒவ்வொரு சைட்டிலும் போடுவதற்குப் பதில் தொழில்காரர்கள் சேர்ந்து ஒரே முறை எழுதி வைத்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். 1921இல் தொடங்கிய அமெரிக்க ஸ்டீல் கட்டுமான நிறுவனம், ஏஐஎஸ்சி, 1924இல் ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டது. எது கட்டமைப்பு இரும்பு, எது அதில் சேராது என்று அதில் பெயர் பெயராகப் பட்டியல் உண்டு. கைப்பிடி, ஏணி, கிரேட்டிங் எல்லாம் சேராத பட்டியலில் இருக்கின்றன. டிராயிங்கில் தவறு இருந்தால் யார் பொறுப்பு, தூண் எவ்வளவு சாய்ந்தால் ஏற்கலாம் என்பதுவரை அதில் வரும். நூறு வருடமாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். ஒப்பந்தத்தில் ‘இந்த விதித்தொகுப்பின்படி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிச் சண்டை வராது.

ஏர் கண்டிஷனிங் டக்ட், அதாவது காற்று போகும் தகட்டுக் குழாய், செய்யும் தகடு வேலைக்காரர்களுக்கும் இதே கதைதான். அவர்களுடைய அமெரிக்கச் சங்கம், ஸ்மாக்னா, 1943இல் தொடங்கியது. எந்த அழுத்தத்துக்கு, எந்த அகல டக்ட்டுக்கு எவ்வளவு கனத் தகடு, எத்தனை இடைவெளியில் தாங்கு சட்டம் என்று அது வெளியிட்ட அட்டவணைகளைத் அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளிலும் டெண்டரில் எழுதுகிறார்கள். 1919இல் தொடங்கிய அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 என்ற கட்டமைப்பு இரும்பு வெல்டிங் விதிமுறையும் அப்படித்தான் உலகம் சுற்றுகிறது. நம் வேலையை எதிராளி அளக்கும் அளவுகோலைச் செய்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அமைப்புகளின் குழுக்கள்தான். அந்தக் குழுவில் பட்டறைக்காரர் யாரும் உட்காரவில்லை என்றால், பட்டறையில் செய்ய முடியாத ஒன்று விதியாகிவிடும். பிறகு நாம் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

பணம் வராத பிரச்சினைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். சங்கிலியில் கடைசியில் நிற்பவருக்குக் கடைசியில்தான் பணம். நடுவில் ஒருவர் விழுந்தால் கீழே உள்ள எல்லோரும் விழுவார்கள். பிரிட்டனில் கரில்லியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் மூழ்கியபோது அதற்குச் சரக்கும் வேலையும் கொடுத்தவர்கள், சப்-காண்ட்ராக்டர்கள் என 30,000 பேர் பணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சிறு பட்டறைகள் பிடித்தம் செய்யப்பட்ட ரிடென்ஷன் பணத்தையும் சேர்த்து இழந்தன. அது தனிக் கணக்கில் பாதுகாக்கப்பட்ட பணம் இல்லை. நிறுவனத்தின் பொதுப் பணத்தோடு கலந்து கரைந்துபோயிருந்தது.

இதற்குத் தனி ஒருவர் என்ன செய்ய முடியும்? “ரிடென்ஷனைத் தனிக் கணக்கில் வையுங்கள்” என்று ஒரு சின்னப் பட்டறை கேட்டால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சட்டம் மாறினால்தான் உண்டு. சட்டத்தை மாற்றச் சொல்லித் தனி ஆள் போய் நிற்க முடியாது, சங்கம் போய் நிற்கலாம். அப்படி மாறியும் இருக்கிறது. பிரிட்டனில் 1994இல் கட்டுமானத் துறையின் சண்டைகளை ஆராய்ந்து லேத்தம் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து வந்த 1996ஆம் வருடச் சட்டம் ‘மேலிருந்து வந்தால்தான் தருவேன்’ என்ற நிபந்தனையை, மேலே இருப்பவர் திவாலானால் தவிர, செல்லாததாக்கியது. தகராறு வந்தால் நடுவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 1999இல், நியூசிலாந்து 2002இல், சிங்கப்பூர் 2004இல், மலேசியா 2012இல் இதே போக்கில் சட்டம் போட்டன. 28 நாள் என்பது ஒரு பட்டறையைப் பொறுத்தவரை உயிர் பிழைப்பதற்கும் மூடுவதற்கும் இடையில் உள்ள வித்தியாசம். கோர்ட்டில் மூன்று வருடம் கழித்து ஜெயித்தால், அதை வாங்கிக்கொள்ளப் பட்டறை இருக்குமா?

சட்டம் இருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டுமே. இங்கே நாள் கணக்குதான் எல்லாம். அமெரிக்காவில் மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு மில்லர் சட்டம் என்று 1935இலிருந்து ஒன்று உண்டு. கீழே உள்ளவர்களுக்குப் பணம் போய்ச் சேரும் என்று மெயின் காண்ட்ராக்டர் கொடுத்த உத்தரவாதப் பத்திரத்திலிருந்து (பேமென்ட் பாண்ட்) சப்-காண்ட்ராக்டர் பணம் கேட்கலாம். ஆனால் சப்-காண்ட்ராக்டருக்குக் கீழே வேலை செய்தவர், தான் கடைசியாக வேலை செய்த அல்லது சரக்கு கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மெயின் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குப் போட ஒரு வருடம்தான். “நல்ல மனுஷன், எப்படியும் கொடுத்துவிடுவார்” என்று 91ஆம் நாள்வரை பொறுத்திருந்தால் அந்த உரிமை போய்விடும். உங்கள் இடத்தில் எந்தச் சட்டம், எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் சங்கம், அந்த ஒரு பக்கத்திலேயே பல வருடச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிடும். சேரும்போது முதலில் இதைத்தான் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டத்துக்குப் போனால் “அவர் பில் கொடுத்தாரா, எத்தனை மாதம் இழுத்தார்” என்ற பேச்சு வரும். நடந்ததை நடந்தபடி சொல்வதில் தவறில்லை. ஆனால் “கிலோவுக்கு இந்த ரேட்டுக்குக் கீழே யாரும் போக வேண்டாம்”, “அந்த டெண்டரை நீ எடு, நான் உயர்த்திப் போடுகிறேன்”, “அவருக்கு யாரும் வேலை செய்யக் கூடாது” என்று பேச்சு திரும்பினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். 2009இல் பிரிட்டனில் 103 கட்டுமான நிறுவனங்களுக்கு மொத்தம் 12.95 கோடி பவுண்ட் அபராதம் விதித்தார்கள். பெரும்பாலும், ஜெயிக்க விரும்பாதவர் போட்டியாளரிடம் கேட்டு வேண்டுமென்றே உயர்த்தி டெண்டர் போட்ட குற்றத்துக்காக. ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று நினைத்துச் செய்தவர்கள்தான் அதில் பலர். ஒழுங்கான சங்கத்தில் இப்படிப் பேச்சு எழுந்தாலே தலைவர் நிறுத்திவிடுவார், குறிப்பேட்டிலும் எழுதுவார். நிறுத்தாத சங்கம் என்றால் அதில் இருக்காதீர்கள்.

சரி, பட்டறைக்குள் வருவோம். வெல்டர் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் துண்டை ஒட்டி, அறுத்து, வளைத்துப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் காலத்துக்கும் செல்லும் என்று பல பட்டறைகளில் நினைக்கிறார்கள். டி1.1 விதிப்படி அந்த வெல்டர் குறிப்பிட்ட முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். வெல்டர் தகுதிக்கான சர்வதேச விதியான ஐஎஸ்ஓ 9606-1லும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாததால் செய்து முடித்த சட்டத்தை இன்ஸ்பெக்டர் நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வெல்டிங்கில் குறையே இல்லை, குறை ஃபைலில்தான். சங்கத்தில் ஒரு தொழில்நுட்ப ஆள் இருந்தால் இதை முன்கூட்டியே நினைவுபடுத்துவார். ஐந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே நாளில் சோதகரை வரவழைத்தால் செலவையும் ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் வரும்போது இதன் அருமை இன்னும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜூலை 1 முதல் கட்டமைப்பு இரும்புக்கு ஈஎன் 1090 என்ற ஐரோப்பிய விதிப்படி, பொருள் விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை கட்டாயமானது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறையும் உற்பத்திக் கட்டுப்பாட்டு முறையை எழுதி வைத்து, தணிக்கை செய்து, சான்று வாங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட ஆவணத்தை ஒரு சிறு பட்டறைக்காரர் ராத்திரியில் உட்கார்ந்து தானே எழுதுவது என்பது நடக்காத காரியம். சங்கம் ஒரு மாதிரியைத் தயார் செய்து கொடுத்தால், அதில் தன் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு கரை ஏறலாம்.

வெல்டிங் புகை விஷயத்தையும் சொல்ல வேண்டும், என் மனசுக்கு நெருக்கமானது இது. “புகைதானே, பழகிவிடும்” என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வெல்டர்களை வேலை வாங்கியிருக்கிறோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. துருப்பிடிக்காத இரும்பில் குரோமியம் கலந்த புகை வருவதால் அங்கே கவலை இன்னும் அதிகம். எனக்கு இந்தச் செய்தி சங்கத்தின் மாதச் சுற்றறிக்கையில்தான் வந்தது. அடுத்த வாரமே புகை உறிஞ்சும் குழாய் இரண்டு வாங்கினேன். ஆர்க்குக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்தால்தான் அது புகையைப் பிடிக்கும், தள்ளி வைத்தால் வெறும் சத்தம்தான் என்பதையும் இன்னொரு உறுப்பினர் தன் பட்டறைக்குக் கூட்டிப் போய்க் காட்டியதால் தெரிந்துகொண்டேன்.

அப்புறம், போட்டியாளர்கள். சங்கத்துக்குப் போகத் தயங்குபவர்கள் பலருக்கு உள்ளே இருக்கும் பயம் இதுதான்: “அங்கே இருப்பவர்கள் எல்லாம் என் ரேட்டை உடைப்பவர்கள்தானே?” ஆமாம், அவர்கள்தான். ஒருமுறை சைட்டில் கிரேன் புக் செய்துவிட்டோம். மறுநாள் காலை தூக்க வேண்டும். சாயங்காலம் எங்கள் தகடு வளைக்கும் பிரஸ்ஸில் ஹைட்ராலிக் குழாய் வெடித்துத் தரையெல்லாம் எண்ணெய். இருபத்திரண்டு பிராக்கெட் பாக்கி. கிரேன் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு டெண்டரில் என்னை முந்தியவருக்கு போன் செய்தேன். சங்கக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பழக்கம் மட்டும்தான். “தகட்டை ஏத்திட்டு வாங்க, ஆளை நிறுத்தி வைக்கிறேன்” என்றார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு அவர் பட்டறையில் கடைசி பிராக்கெட்டை வளைத்து முடித்தோம். அந்தப் பழக்கம் இல்லையென்றால் அந்த போனைப் போடவே எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு பட்டறையால் தாங்க முடியாத பெரிய வேலையை இரண்டு பேர் பிரித்து எடுப்பதும், ஒருவரிடம் வேலை குறைந்த மாதத்தில் இன்னொருவர் கூப்பிடுவதும் இதே வழியில்தான் வருகிறது. நான் முதலில் சொன்ன ‘ஆர்டர்’ வருவதாக இருந்தாலும் இந்தப் பாதையில்தான் வரும், அதுவும் இரண்டு மூன்று வருடம் முகம் பழகிய பிறகு.

மொத்தமாக வாங்கினால் இன்சூரன்ஸில் சலுகை, காஸ் சிலிண்டரில் சலுகை என்றெல்லாமும் இருக்கும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகச் சேர வேண்டியதில்லை.

சங்கம் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாக்கியை அது வசூலித்துத் தராது. வருடத்துக்கு ஒருமுறை முகம் காட்டுபவருக்கு ஒரு லோகோவைத் தவிர எதுவும் கிடைக்காது. கணக்குப்பிள்ளையை அனுப்பினால் கணக்குப்பிள்ளைதான் கற்றுக்கொண்டு வருவார், நீங்களே போங்கள். முடிந்தால் ஒப்பந்தக் குழுவிலோ தொழில்நுட்பக் குழுவிலோ சேர்ந்துவிடுங்கள். மேடையில் பேசுவதைவிடக் குழுவில் பேசுவதுதான் சரக்கு.

எந்தச் சங்கம் என்பதும் முக்கியம். உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கி, நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் பொது காண்ட்ராக்டர்களுக்கு 1918இலேயே சங்கம் இருந்தும், சப்-காண்ட்ராக்டர்கள் 1966இல் தங்களுக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். தேவை இருந்தது. ரிடென்ஷனைப் பிடிப்பவரும் கொடுப்பவரும் ஒரே சங்கத்தில் இருந்தால், ரிடென்ஷனைப் பற்றி அந்தச் சங்கம் வாய் திறக்காது. பொதுச் சங்கத்தில் சேர்ந்தாலும் அதற்குள் சிறப்புத் தொழில்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, கடந்த இரண்டு வருடத்தில் அது பணம் தொடர்பாக எதையாவது எழுத்தில் கேட்டதா என்று விசாரியுங்கள். இரும்பு வேலைக்குத் தனிச் சங்கமும் இருந்தால், ஒன்றில் ஒப்பந்த விஷயம், மற்றதில் தொழில்நுட்பம் என்று இரண்டிலும் இருப்பவர்கள் உண்டு. பன்னிரண்டு பேர் பட்டறைக்கு முதலில் ஒன்று போதும்.

பெரும்பாலான சங்கங்கள் விருந்தினராக ஒரு கூட்டத்துக்கு வர விடுவார்கள். சந்தா கட்டும் முன்னால் அப்படிப் போங்கள். இப்போது உங்கள் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒப்பந்தம் ஏதாவது இருந்தால், விலைப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொண்டு போங்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். நாற்காலி மடக்கும் நேரத்தில் யாராவது பென்சிலோடு உட்காருகிறார்களா என்று பாருங்கள். உட்கார்ந்தால் அன்றைக்கே சந்தாவைக் கட்டிவிடலாம்.